லாரியும் ஒரு முழம் டியூபும்

போன வாரம் பச்சைத்தேயிலை லோடோட வந்த நம்ம பழைய லாரி பிக்கட்டி ஏத்தத்தில் மறுபடியும் திணறி நின்னுபோச்சு. இலை பறிச்ச அன்னைக்கே ஃபேக்டரி போய்ச் சேரணும். மூட்டைக்குள்ள சூடேறி சிவந்துட்டா யாரும் எடுக்கமாட்டாங்க. ராத்திரியில பக்கத்து வீட்டு பிக்கப்ல மாத்தி அனுப்பினேன்.

மெக்கானிக் புகையைக்கூடப் பார்க்கலை. "இன்ஜினை இறக்கணும்ணா, 80,000 ஆகும்"னுட்டார். தேயிலை விக்கிற விலைக்கு நான் எங்கே போறது?

நானே பார்த்தேன். இன்ஜின் தேஞ்சிருந்தா நீலப்புகை வரணும், ஆயில் குறையணும். ரெண்டும் இல்லை. (குளிர்ல காலையில வர்ற வெள்ளைப்புகைக்குப் பயப்படாதீங்க.) இன்ஜின் ஆறினபிறகு ரேடியேட்டர் மூடியைக் கழட்டி ஸ்டார்ட் பண்ணினேன். குமிழ் வரலை, ஹெட் கேஸ்கெட் நல்லாயிருக்கு. ஓடும்போதே நாசில் நட்டை ஒவ்வொண்ணா தளர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் தடுமாறுச்சு. அப்ப ஆறு சிலிண்டரும் வேலை செய்யுது.

காலையில கை பம்ப் அடிச்சாத்தான் வண்டி பிடிக்குதுங்கறது அப்பதான் உறைச்சது. டேங்கிலிருந்து வர்ற லைன்ல, பம்புக்குப் பக்கத்தில, உள்ளே தெரியற பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம் மாட்டினேன். குமிழ் குமிழா காத்து! அது பம்ப் இழுக்கிற பக்கம். டீசல் வெளியே சொட்டாது, காத்துதான் உள்ளே போகும். அதான் யார் கண்ணுக்கும் படலை. டேங்க் ஓரத்து ரப்பர் ஹோஸ்ல வெடிப்பு. ஹோஸ், செம்பு வாஷர், டீசல் ஃபில்டர், எல்லாம் சேர்த்து 640 ரூபாய்.

நேத்து அதே ஏத்தம், அதே லோடு. ரெண்டாம் கியர்ல ஏறிடுச்சு. மகன் இன்னும் "வித்துடலாம்பா"ங்கிறான். கிளட்ச் வேற கொஞ்சம் வழுக்குது.