தோற்றவனுக்குக் கடன்

பல்லாங்குழி ஆடும்போது என் மகள் நடுவில் விதியை மாற்றினாள். "இது கள்ள ஆட்டம்" என்று கடிந்துகொண்டேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அப்போதுதான் ழான் பியாஜே நினைவுக்கு வந்தார். ஸ்விட்ஜர்லாந்து மனோதத்துவ அறிஞர். ஜினீவாவிலும் நூஷாதேலிலும் கோலியாடும் பையன்களிடம் போய், ஆட்டம் மறந்துவிட்டவர்போல் கற்றுக்கொடுக்கச் சொல்லி, கூடவே ஆடினார். விதி எங்கிருந்து வந்தது, மாற்றலாமா என்று விசாரித்தார். சிறியவர்களுக்கு அது அப்பாவோ ஆண்டவனோ வகுத்தது, தொடக் கூடாது. பத்து வயதைத் தாண்டியவர்களோ, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாமென்றார்கள். குழந்தையின் நீதியுணர்ச்சி எப்படி வளர்கிறதென்ற சித்தாந்தத்தை அவர் இந்தப் பேச்சுகளிலிருந்தே கட்டினார். 1932-இல் அது புத்தகமாயிற்று.

சித்தாந்தத்தைக் கையோடு கொண்டுபோகாதே, கண்டதிலும் கேட்டதிலுமிருந்து எழுப்பு என்பதை ஒரு முறையாகவே 1967-இல் வகுத்தார்கள், கிளேஸர், ஸ்ட்ராஸ் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள்.

நானோ தீர்ப்போடு போயிருந்தேன்!

நாலாம் நாள் பலகையை எடுத்து வைத்தேன். "உன் ஆட்டம் எப்படியம்மா?" என்று கேட்டேன்.

"குழி நிரப்ப முடியாதவங்களுக்குச் சோழி கடன் கொடுக்கணும். இல்லேன்னா தம்பி அழுதுண்டே எழுந்து போயிடறான், அப்பா. அப்புறம் யாரோட ஆடறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று நானும் தோற்றேன். கேட்காமலே எனக்கு இரண்டு சோழி கடன் கிடைத்தது.