சிற்றெழுத்தும் சிறுபுரதமும்

தமிழ் கற்பார்க்கு உயிர்நூலோடு யாது தொடர்பு என்று சென்ற ஆண்டில் எவரேனும் வினவியிருப்பின், 'யாதும் இல்லை' என்றே யான் விடை பகர்ந்திருப்பேன். எம் கல்லூரியில் தமிழ் வகுப்பு நிகழும் கூடத்திற்கும் விலங்கியல் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே நிற்பது ஒரு வேப்பமரம் மட்டுமே. எனினும் ஈராண்டுக் காலம் அம்மரத்தைக் கடந்து அப்பால் யான் சென்றதில்லை. கடக்கச் செய்தது ஒரு கடிதம். அதனை முதற்கண் கூறி, அதன் வாயிலாக யான் அறிந்த பொருளைப் பின்னர்க் கூறுவேன்.

என் பாட்டனார் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். நன்னூலை எனக்கு முதன்முதற் சொல்லிக் கொடுத்தவர் அவரே. வீட்டில் கைப்பேசி இருந்தும், யான் விடுதிக்கு வந்த நாள்தொட்டு வாரந்தோறும் கடிதமே எழுதுவார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கையாதலின் அவர் எழுத்துப் பெரிதாயும் அழகியதாயும் இருக்கும். சென்ற ஆண்டு அவ்வெழுத்துச் சிறுகத் தொடங்கிற்று. வரியின் தொடக்கம் ஓரளவு தெளிவாயிருக்கும். செல்லச் செல்லக் குறுகி, இறுதியில் எறும்பு ஊர்ந்த தடம்போலாகும். அஃது எனக்குத் தேர்வு நெருங்கிய காலம். யான் பொறுமையிழந்து, "தாத்தா, தாளை மிச்சம் பிடிக்க வேண்டா. படிக்க இயலுமாறு எழுதுங்கள், இன்றேல் எழுதாமலே இருக்கலாம்" என்று மறுமொழி விடுத்தேன். அதன்பின் கடிதம் வரவில்லை. வராததை யான் பொருட்படுத்தவும் இல்லை.

இரண்டு திங்கள் கழித்து அன்னையார் தொலைபேசியிற் பேசினார். பாட்டனாருக்குப் பார்க்கின்சன் நோய் கண்டிருப்பதாக மருத்துவர் கூறினாராம். அன்றிரவு, விலங்கியல் பயிலும் என் அறைத்தோழனிடம் இதனைச் சொன்னேன். அவன் வினவிய முதல் வினா, "அவருடைய கையெழுத்துச் சிறுத்ததா?" என்பது. முள் தைத்தாற்போலிருந்தது எனக்கு. எழுத்துச் சிறுகுதல் அந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்பதை அன்றே அறிந்தேன். என் மேசையின் இழுப்பறையில் அவ்வறிகுறி வாரந்தோறும் வந்து குவிந்திருந்தது. யான் அதனைச் சிக்கனம் என்று எண்ணினேன்.

1817 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பெயரே பின்னர் நோய்க்கும் பெயராயிற்று. நடுமூளையில் டோபமின் என்னும் பொருளை ஆக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மாய்வதால் உடலின் அசைவு குன்றுகின்றது. அவ்வணுக்களுள் லூயி உருண்டைகள் எனப்படும் புரதக் கட்டிகள் காணப்படும். "அக்கட்டிகளுள் மிகச் சிறிய புரதம் ஒன்றும் சிக்கிக் கிடக்கும். அதன் வரலாற்றைக் கேட்பாயா?" என்றான் தோழன். கேட்டேன். மறுநாள் வேப்பமரத்தைக் கடந்து சென்று, அவன் காட்டிய படங்களையும் கண்டேன்.

அப்புரதத்தின் பெயர் யுபிக்விட்டின். 'எங்கும்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். 1975 இல் கோல்ட்ஸ்டைன் என்பாரும் அவர் குழுவினரும் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை என்ப. குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினில் அவை 574. யுபிக்விட்டினிலோ 76 மட்டுமே. இத்துணைச் சிறிய மாலையில் மனிதனுக்கும், ரொட்டி மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட்டுக்கும் இடையே மூன்று மணிகளே வேறுபடுகின்றன. எண்ணற்ற தலைமுறைகள் கடந்தும் மாறாது காக்கப்பட்டதெனின், அதன் பணி இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

அதன் வடிவை 1987 இல் விஜய்குமார், பக், குக் என்னும் மூவர் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு நுணுகிக் கண்டனர். மாலையின் ஐந்து பகுதிகள் அருகருகே படிந்து ஒரு தகடு போலாகின்றன. ஒரு பகுதி சுருளாகி அத்தகட்டின் வளைவிற் பொருந்துகின்றது. குவித்த கை ஒரு கோலைப் பற்றிய தோற்றம் அது. இறுதியிலுள்ள சிலமட்டும் வால்போல் வெளியே நீண்டு நிற்கும். அவ்வாலின் நுனியிலுள்ளது கிளைசின் என்னும் அமிலம். பிற புரதத்தைப் பற்றும் கொக்கி அதுவே.

இறுகக் கட்டிய அவ்வமைப்பினால் இது கொதிநீருக்கும் அழியாது. இவ்வியல்பே ஒரு பெருங் கண்டுபிடிப்பிற்கு வழி திறந்தது. இஸ்ரவேல் நாட்டு ஹைஃபா நகரில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவர் மாணவர் ஆரன் சிகனோவரும், உயிரணு தன் புரதங்களை எங்ஙனம் சிதைக்கின்றது என்று ஆராய்ந்தனர். முயலின் இளங் குருதியணுக்களிலிருந்து எடுத்த சாற்றில் ஒரு பகுதியைக் கொதிக்க வைத்தபோது, ஈமோகுளோபின் திரண்டு கீழே படிந்தது; அவர்கள் தேடிய பொருளோ வேகாமல் தெளிநீரில் எஞ்சி நின்றது. அது யுபிக்விட்டினே என்பது 1980 இல் தெளிவாயிற்று. அவ்விருவருக்கும், அவர்களுடன் உழைத்த அமெரிக்கராகிய இர்வின் ரோஸுக்கும் 2004 இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இனி அதன் பணி. உயிரணுவில் புரதங்கள் இடைவிடாது ஆக்கப்படுகின்றன. பழுதுற்றனவும், காலம் முடிந்தனவும் அகற்றப்படவும் வேண்டும். அகற்றப்பட வேண்டியது இன்னது என்று குறியிடுவது யுபிக்விட்டின். அதனை ஒட்டுவிக்க மூவகை நொதிகள் உள. முதலாவது, ஆற்றலைச் செலவிட்டு அதனைச் செயலுக்கு ஆயத்தமாக்கும். இரண்டாவது, அதனை ஏந்திச் செல்லும். மூன்றாவது, குறிக்கத்தக்க புரதத்தைத் தெரிந்து அதனோடு சேர்ப்பிக்கும். மனிதரில் முதல் வகையில் இரண்டும், இரண்டாம் வகையில் ஏறத்தாழ 40 உம், மூன்றாம் வகையில் 600 க்கு மேற்பட்டனவும் உள. தெரிந்தெடுக்கும் பணியே அரியது என்பதை இவ்வெண்கள் காட்டும்.

ஈண்டு எனக்கு நன்னூல் நினைவிற்கு வந்தது. இடைச்சொல் தனித்து நடவாது. பெயரையோ வினையையோ அடுத்து நின்றே பொருள் பயக்கும். யுபிக்விட்டினின் பெரும்பணியும் பிறிதொன்றனை ஒட்டிய வழியே நிகழ்கின்றது. மேலும், உம்மை ஒன்றே எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருளில் வரும். யுபிக்விட்டினும் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தொடர்ந்து சங்கிலியாகும். அங்ஙனம் தொடரத்தக்க இடங்கள், லைசின் என்னும் அமிலம் உள்ள ஏழும், முதலிலுள்ள மெத்தியோனினும் ஆக எட்டு. எண் ஒத்தது தற்செயலே. ஆயினும் இடம் மாறப் பொருள் மாறுதல் தற்செயலன்று. 48 ஆம் இடத்திற் பிணைந்த சங்கிலி, 'இதனைச் சிதைக்க' என்னும் பொருளது. 63 ஆம் இடத்திற் பிணைந்ததோ சிதைவைக் குறியாது, மரபுப்பொருளின் பழுது நீக்குதல் போன்ற பணிகட்கு அழைப்பாகும்.

சிதைக்கும் பொறியின் பெயர் புரோட்டியசோம். அது பீப்பாய் போன்றது. குறியுற்ற புரதம் அதனுட் புகுந்து துண்டுகளாகும். வாயிலிலேயே யுபிக்விட்டின் கழற்றப்பட்டு, மீண்டும் பணிக்குத் திரும்பும். குறியிட்டது அழியாது, குறிக்கப்பட்டதே அழியும்.

இப்பணி பிறழின் விளைவது யாது? மூன்றாம் வகை நொதிகளுள் ஒன்று பார்க்கின். அதன் மரபணு பழுதுற்றால் இளமையிலேயே பார்க்கின்சன் நோய் தோன்றக்கூடும் என்பதை 1998 இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். உயிரணுவிற்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியங்களுள் பழுதுற்றவற்றிற்கு யுபிக்விட்டின் குறியிட்டு அகற்றச் செய்வது பார்க்கினின் தொழில். ஆனால் முதுமையில் வரும் நோய் பெரும்பாலும் இம்மரபணுவின் பழுதால் வருவதன்று. "உன் பாட்டனாருக்கு இதுவே காரணம் என்று எண்ணிவிடாதே" என்று தோழன் என்னை எச்சரித்தான். காரணம் ஒன்றைக் கண்டுவிட்டால் என் குற்றம் குறையும் என்று யான் உள்ளூர விரும்பியதை அவன் அறிந்தான் போலும்.

விடுமுறைக்கு ஊர் சென்றேன். டோபமினாக மாறும் லெவோடோபா என்னும் மருந்தைப் பாட்டனார் உட்கொண்டு வந்தார். அகன்ற கோடிட்ட தாளில் எழுதின் எழுத்துச் சிறுகுவது ஓரளவு தடைப்படும் என்று தோழன் சொல்லியிருந்தமையால், அத்தகைய குறிப்பேடு ஒன்றை வாங்கிச் சென்றிருந்தேன். அதனை அவர் கையிற் கொடுத்து, "தாத்தா, நான் எழுதியது பிழை, மன்னியுங்கள்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "நீ எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை ஐயா. எனக்கே படிக்க முடியவில்லை. அதனாலேதான் நிறுத்தினேன்" என்றார். யான் அழுதேன். அவர் பேச்சை மாற்ற, விலங்கியற் கூடத்தில் கண்டது யாது என வினவினார். இடைச்சொல்லையும் யுபிக்விட்டினையும் ஒப்பிட்டுக் கூறியதும் அவர் முகம் மலர்ந்தது. "ஒப்புமை எல்லாவிடத்தும் பொருந்தாது, ஆனாலும் நன்று" என்றார்.

விடுதிக்கு மீண்டபின் யான் அவருக்கு நீண்டதொரு கடிதம் விடுத்தேன். பத்து நாள் கழித்து மறுமொழி வந்தது. அகன்ற கோடுகளுக்கிடையே, நடுங்கிய எழுத்தில் மூன்றே வரிகள். முதல் வரி நலம் வினவியது. எஞ்சிய இரண்டும், என் கடிதத்தில் யான் விட்டிருந்த ஒற்றுப் பிழைகள் இரண்டைத் திருத்தியிருந்தன. எழுத்துச் சிறிதாகவே இருந்தது. ஆயினும் ஓரெழுத்தும் விடாமல் படித்தேன்.