சத்தமிட்ட ஸ்டார்ட்டர்

பத்திரிகையில் இருந்த காலத்தில் பதுளைக்குப் போனால் சம்பளப் பிரச்சினை, லயன் அறைகள், மண்சரிவு என்று செய்தி திரட்டிக்கொண்டு திரும்புவேன். கடந்த மாதம் போனது ஓர் இயந்திரத்தைப் பார்க்க. "மாமா, ஒருமுறை வந்து பாருங்கள்" என்று என் தங்கையின் மகன் அழைத்திருந்தான்.

பசறை வீதியில், நமுனுகுலை மலை தெரியும் தோட்டம் அது. 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2021இல் இரசாயன உரத்துக்கும் களைநாசினிக்கும் சில மாதங்கள் இறக்குமதித் தடை. மருந்து இல்லாத காலத்தில் களையெல்லாம் மனிதக் கைகளைத்தான் தேடி வந்தது. தோளில் தொங்கும் புல்வெட்டியோடு என் மைத்துனர் சரிவில் வழுக்கி விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் கராஜில் வேலை செய்யும் மகன், பழைய இரும்பை ஒட்டவைத்து, சிறிய பெற்றோல் எஞ்சின் பூட்டி, ரிமோட்டில் ஓடும் புல்வெட்டி ஒன்றைச் செய்தான். நடுச்சரிவில் எஞ்சின் நின்றால் கயிறு இழுக்க ஆள் இறங்கவேண்டும். ஆள் இறங்குவதென்றால் இயந்திரம் எதற்கு? ஆகவே மின்சார ஸ்டார்ட்டரும் வைத்தான்.

அதுதான் அடம்பிடித்தது. பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவே. ஸ்டார்ட்டர் பழுது என்று பார்த்தவர்கள் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். புதியது வாங்க இரண்டு மாதச் சேமிப்பை எடுத்து வைத்திருந்தான்.

எனக்கு எஞ்சின் தெரியாது; கேள்வி கேட்கத் தெரியும். "ஸ்டார்ட்டர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றேன். வெட்டும் தகட்டைக் கழற்றி, பிளக் மூடியையும் எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தான். பட்டரி 12.5 வோல்ட் காட்டியது. பொத்தானை அழுத்தியபோதும் 12.2. ஸ்டார்ட்டர் மின்சாரத்தை வாரி இழுத்திருந்தால் அது 10, 11 வரை இறங்கியிருக்கும். அப்படியானால் பாதையில் எங்கோ தடை.

அடுத்து, பட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்தான். அழுத்தும்போது அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் 9 வோல்ட்.

"மாமா, கரண்ட் திரும்பிவர வழியில்லை!"

எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினான். அடியில், அவனே ஆசையாகப் பூசிய பச்சை வர்ணம். உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து முடுக்கினான். பிளக் மூடியைப் பொருத்தி அழுத்தியதும் எஞ்சின் உறுமியது. லயத்து வாசலில் இருந்த மைத்துனர் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ரிமோட் தொடர்பு அறுந்தால்?" என்று கேட்டேன்.

"எஞ்சின் தானாக நின்றுவிடும். முதலில் செய்தது அதைத்தான், மாமா" என்றான், தந்தையைப் பார்த்தபடி.

சத்தமிட்டவன்மீதே முதல் சந்தேகம் விழுவது இயந்திரங்களுக்கும் பொருந்தும் போலும். தோட்டங்களில் பல்லாண்டு செய்தி திரட்டிய எனக்கு அது புதிதல்ல.