கல் வரும், கடல் வரும்

மேலைநாட்டுக் குடும்பங்கள் மகிழுந்தின் பின்னால் ஒரு சிறு வீட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு கடற்கரை கடற்கரையாகத் தங்கிச் செல்வதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்திலும் அவ்வழக்கம் மெல்ல நுழைகிறது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. கோலார் தங்கவயலில் அதற்கு வேறொரு வடிவம் நெடுநாளாக உண்டு. ஒரு வேனை வாடகைக்குப் பிடிப்பது, பின்வரிசை இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பாய், போர்வை, அரிசி மூட்டை, தண்ணீர் டிரம், விறகு, குண்டான் ஆகியவற்றை ஏற்றுவது, வேளாங்கண்ணிக்கோ மேல்மருவத்தூருக்கோ புறப்படுவது, வழியில் நிழல் கண்ட இடத்தில் உலை வைப்பது. ஒற்றை அறை லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தோருக்கு 11 பேர் ஒரு வண்டிக்குள் நான்கு நாள் வாழ்வது புதுமையன்று.

இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் எங்கள் குடும்பம் வழக்கமான திசையை மாற்றிக்கொண்டது. கிருஷ்ணகிரி, சேலம், மதுரை, திருநெல்வேலி வழியாக ஏறக்குறைய 650 கிலோமீட்டர் ஓடிக் கன்னியாகுமரியை அடைந்து, அங்கிருந்து மேற்குக் கரையோரமாக மணக்குடி, முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் எனப் பாறைக் கரையிலேயே தங்கித் தங்கிச் செல்வது என்று முடிவாயிற்று. முடிவைச் சொன்னவர் என் பெரியப்பா. "மணல் கடலைப் பாத்தாச்சு. கல்லு கடலை ஒருவாட்டி பாத்துடணும்" என்றார். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் குழுவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பதுகளில் இருந்தார். இப்போது எழுபதைக் கடந்துவிட்டார். இருபது படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. கல்தூசு நுரையீரலை என்ன செய்யும் என்பது குறித்துத் தங்கவயலில் 1940களிலேயே மருத்துவ ஆய்வுகள் நடந்தன. எங்கள் தெருவுக்கு அதை அறிய ஆய்வு தேவைப்பட்டதில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வு தங்கவயல் தமிழைப் பற்றியது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கம் நடத்தினர். கீழே இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பான்மையர் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத்தார் வந்தனர். ஆகவே எங்கள் பேச்சில் வடார்க்காட்டுத் தமிழின் 'கீது', 'இன்னா' ஆகியவற்றோடு 'ஸ்டோப்', 'வின்ஸ்', 'கேஜ்', 'ஷாஃப்ட்' முதலான சொற்களும் கலந்து கிடக்கின்றன. பெயர்ச்சொற்களைத் திரட்டுவது எளிது. சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் முதியோர் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவர். பட்டியலில் இல்லாததை எவ்வாறு கேட்பது என்பதே களப்பணியாளர் அனைவரும் அறிந்த இடர்ப்பாடு. அதற்கு எனக்கொரு விடை முட்டத்தில் கிடைத்தது என்பதால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முட்டத்தைத் தமிழர் பலர் திரைப்படங்களின் வழியே அறிவர். 'அலைகள் ஓய்வதில்லை' அங்கேதான் படமாக்கப்பட்டது. திரையில் காணாத ஒன்று அதன் பாறைகளின் பருமன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, வீடளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் அலை புகுந்து வெளியேறும் ஓசை நெஞ்சில் அறைகிறது. காலையில் வண்டியருகே பெண்கள் உலை வைத்திருந்தனர். பிள்ளைகள் மூவர் சாய்ந்து நின்ற ஒரு பெரும்பாறையின் அடியில், குகைபோன்ற நிழலில் அமர்ந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தனர். பெரியப்பா கைத்தடியை ஊன்றி மெல்ல இறங்கி வந்தார். நிழலின் வாயிலில் நின்று, கையடக்கமான ஒரு கூழாங்கல்லை எடுத்து, அந்தப் பாறையில் மூன்று நான்கு இடங்களில் தட்டினார். பிறகு குரலை உயர்த்தினார்.

"அங்க இன்னாத்துக்குடா குந்திகினு கீறீங்க? வெளிய வாங்க. அது வரும்."

பெங்களூரில் படிக்கும் அவருடைய பேரனுக்கு ஒன்பது வயது. அவன் எழவில்லை. "யார் வருவாங்க தாத்தா?" என்று கேட்டான்.

சற்றுத் தள்ளி வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், சுரங்கத்தைக் கண்ணாலும் காணாதவர், அந்தச் சொல்லை உடனே விளங்கிக்கொண்டார். "எந்திச்சு வாங்க மக்களே, தாத்தா சொல்லுதது கேக்கல்லியா" என்று எழுந்தே வந்துவிட்டார். பிள்ளைகள் வெளியே வந்தனர். பாறை அன்று அசையவில்லை. இன்றும் அங்கேயே இருக்கக்கூடும்.

நான் பெரியப்பாவிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ணங்குன்னா நிக்கும். டொப்புன்னா வரும்" என்றார். சுரங்கங்களில் உலகெங்கும் கூரையைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. இறுகிய பாறை கணீரென்று ஒலிக்கும். பிளவுபட்டு உள்ளே வெற்றிடம் கொண்ட பாறை மந்தமாக ஒலிக்கும். அந்த அறிவு முழுவதும் இரண்டு ஒலிக்குறிப்புச் சொற்களிலும் இரண்டு வினைகளிலும் அடங்கியிருந்தது. என்னைக் கட்டிப்போட்டது அந்த இரண்டாம் வினை. கல் விழும் என்று அவர் சொல்லவில்லை, வரும் என்றார்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் 'தா', 'வா' ஆகிய வினைகளைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியனவாகவும், 'செல்', 'கொடு' ஆகியவற்றைப் படர்க்கைக்கு உரியனவாகவும் வகுக்கிறது. சார்ல்ஸ் ஃபில்மோர் 1971இல் சுட்டுநிலை குறித்து ஆற்றிய உரைகளில் ஆங்கிலத்தின் வருதலையும் போதலையும் இவ்வாறே ஆராய்ந்தார். வருதல் என்பது பேசுவோனையோ கேட்போனையோ நோக்கிய இயக்கம். 'விழும்' என்று சொல்பவன் கல்லுக்கு வெளியே நின்று பார்க்கிறான். 'வரும்' என்று சொல்பவன் அதன் பாதையில் நிற்கிறான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மழை வருகிறது, தூக்கம் வருகிறது, காய்ச்சல் வருகிறது என்றெல்லாம் தமிழர் அனைவரும் சொல்கிறோம்; இதில் சுரங்கத்தின் தனித்தன்மை எங்கே? நியாயமான கேள்வி. ஆனால் மழைக்கு 'வா' இயல்பான வினை. கல்லுக்கு 'விழு' என்னும் சொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அதை விலக்கி 'வா' எடுக்கப்படுகிறது. பெரியப்பா எல்லாக் கற்களுக்கும் அவ்வாறு சொல்வதுமில்லை. திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே தொலைவில் ஒரு குன்றின் அடியில் சரிந்து கிடந்த கற்களைக் காட்டி, "பாரு, எவ்ளோ விழுந்து கீது" என்றார். அதே நாளில், 1980களில் தம்மோடு வேலை செய்து இறந்த நண்பரைப் பற்றிப் பேசும்போது, "அவன்மேல வந்துடுச்சு" என்றார். ஒரே வாயில், ஒரே நாளில், இரு வினைகள். வேறுபடுத்துவது கல்லுக்கும் மனிதனுக்கும் இடையிலான தொலைவு.

இதற்குச் சுரங்கத்தின் இயற்கையிலும் காரணம் உண்டு. சாம்பியன் ரீஃப் ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறை பெரும் அழுத்தத்தில் இறுகி நிற்கிறது. தோண்டத் தோண்ட அழுத்தம் இடம் மாறி, ஒரு நொடியில் பாறை தானே வெடிக்கிறது. முற்காலத்தில் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். மேலே ஊரில் வீடுகளும் அதிரும். அத்தகைய வெடிப்பில் கல் மேலிருந்து மட்டும் விழுவதில்லை; பக்கச் சுவரிலிருந்து பாயும், காலடியிலிருந்து எழும். விழுதல் என்னும் வினைக்கு மேல், கீழ் என்னும் திசை வேண்டும். அங்கே ஒரே திசைதான் உண்டு: மனிதனை நோக்கிய திசை. 'வரும்' என்பதே அங்கே துல்லியமான சொல்.

வலை பொத்திய முதியவர் எங்கள் உலையருகே வந்து அமர்ந்தார்; காப்பி கொடுத்தோம். பெரியப்பா அவரிடம், "நீங்க எப்படிண்ணா சட்டுனு புரிஞ்சுகினீங்க?" என்று கேட்டார். அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "கடலு வந்தப்பம் நானும் கரையிலதான் நின்னேன், அண்ணே."

2004 டிசம்பர் 26 பற்றிப் பேசுகிறார் என்பது எங்களுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. குமரிக் கரையில் குளச்சலும் மணக்குடியும் அன்று கொடுமையாகத் தாக்கப்பட்டன. முந்தைய நாள் நாங்கள் மணக்குடியைக் கடந்தபோது, அன்று அங்கிருந்த பாலமே அடித்துச் செல்லப்பட்டது என்று ஒருவர் காட்டியிருந்தார். செய்தித்தாள்கள் ஆழிப்பேரலை தாக்கியது என்று எழுதின. இவரோ கடல் வந்தது என்கிறார். அலைக்கு 'அடி', 'எழு', 'மறி' எனப் பல வினைகள் உள்ளன; அன்று நடந்தது அவற்றுள் எதுவுமன்று. கடல் தன் இடம் விட்டு மனிதரின் இடத்துக்கு வந்தது. மண்ணுக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் உழைத்தவரும் கடல்மட்டத்தில் உழைத்தவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வினையில் வந்து நின்றனர்.

அதன்பின் அவர்கள் ஒரு மணிநேரத்துக்கு மேல் பேசினர். கச்சான் காற்று எங்கிருந்து வரும், கொண்டல் எங்கிருந்து வரும் என்று அவர் சொன்னார். மரமுட்டு முறிவதற்கு முன் முனகும் ஓசையை இவர் வாயாலேயே ஒலித்துக் காட்டினார். நான் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவில்லை. இருவரின் இசைவோடு அன்றிரவு வண்டியின் விளக்கொளியில் நினைவிலிருந்து எழுதிக்கொண்டேன். வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கில் களப்பணி செய்தபோது, உயிர் போய்விடும் என்று அஞ்சிய தருணம் எப்போதேனும் உண்டா என்று கேட்பார். அதற்கு விடை சொல்லும்போது மக்கள் தம் பேச்சைக் கண்காணிப்பதை மறந்துவிடுவர் என்பது அவர் கண்டறிந்தது. முட்டத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்க நேரவில்லை. பாறையே கேட்டது.

மறுநாள் மணவாளக்குறிச்சி. அங்கே கரைமணல் கருமையாக மின்னும். இந்திய அருமணல் ஆலை அதிலிருந்து இல்மனைட், சிர்கான், கார்னெட், தோரியம் கொண்ட மோனசைட் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. மணல் எடுப்பு குறித்த அச்சமும் எதிர்ப்பும் அப்பகுதி மக்களிடம் உண்டு. பெரியப்பா ஒரு பிடி மணலை அள்ளி எடைபார்த்தார். "நாம கீழ போயி எடுத்தோம். இங்க கடலே கொண்டாந்து போடுது. எடுத்தப்புறம் ஊருக்கு இன்னா மிஞ்சுதுன்னு இவங்களையும் கேக்கணும்" என்றார்.

எங்கள் ஊருக்கு மிஞ்சியவை சயனைடு மேடுகள். அவற்றுள் 13 மேடுகளிலிருந்து எஞ்சிய பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது. பொன்னை ஐம்பது ஆண்டு கழித்தும் எடுக்கலாம், மேடு காத்திருக்கும். 'ணங்', 'டொப்' என்னும் ஓசைகளின் பொருளை அறிந்தவர்கள் எங்கள் தெருவில் இப்போது ஆறு பேர். அவர்களுள் நால்வர் மூச்சுத்திணறலோடு வாழ்கின்றனர். அடுத்த தலைமுறை விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறுகிறது. அதற்கடுத்த தலைமுறை, "யார் வருவாங்க தாத்தா?" என்று கேட்கிறது.

பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் தெலுங்கு வேளாண் சொற்களுக்கும், 1971இல் கைத்தறிச் சொற்களுக்கும் தொழிற்சொல் அகராதிகள் வெளியிட்டார். உழவும் நெசவும் நடந்துகொண்டிருந்த காலம் அது. நின்றுபோன தொழிலின் சொற்களைத் திரட்டுவோருக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் அந்தத் தொழிலுக்கு நிகரான ஓரிடத்தில் தொழிலாளியை நிறுத்தினால் கையும் காதும் தாமே வேலையைத் தொடங்குகின்றன. சொல் பின்னே வருகிறது. மூடிய ஆலைகள், கைவிட்ட உப்பளங்கள், நின்றுபோன தறிகள் ஆகியவற்றின் மொழியை ஆராயும் மாணவ நண்பர்கள் தம் தகவலாளரை நாற்காலியில் அமர்த்துவதற்கு முன் ஒருமுறை வெளியே அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற கோடையில் ஒசூர்ப் பக்கத்துக் கருங்கல் குவாரி ஒன்றுக்குப் போகலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். இம்முறை தெருவிலுள்ள மற்ற ஐவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிபந்தனை. படிகள் இல்லாத குவாரியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.