நஞ்சுண்ட ஓரறிவு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் ரெங்கம். அதன் சுற்றுப்புறத்தை உருவாக்கியவை ரப்பர்த் தோட்டங்கள். அத்தோட்டங்களை உருவாக்கியவற்றுள் தமிழர்தம் கைகளும் உண்டு. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. மரம் மாறியது, மண் மாறவில்லை. அம்மண்ணுக்கும் நினைவாற்றல் உண்டென எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பால்மரத்தின் பகை லாலான் புல். வெட்டினாலும் கொளுத்தினாலும், மண்ணுக்குள் கிடக்கும் தண்டிலிருந்து மீண்டும் தலைதூக்கும். அதனை ஒழிக்க மலாயாத் தோட்டங்களில் 1960களின் தொடக்கம் வரை பரவலாகத் தெளிக்கப்பட்டது சோடியம் ஆர்செனைட். சித்த மருத்துவர் அஞ்சிக் கையாளும் வெள்ளைப் பாடாணத்திலிருந்து பிறப்பது அது. பின்னர்ப் பாராகுவாட் வந்தது, ஆர்செனைட் விலகியது. புல் மடிந்தது, நஞ்சு என்னவாயிற்று?

ஆர்செனிக், காட்மியம், ஈயம் முதலியன தனிமங்கள். அவை சிதைந்து மறைவதில்லை. மழை சிறிது கரைத்துச் செல்லும். எஞ்சியது மண்துகளைப் பற்றிக்கொண்டு நெடுங்காலம் தங்கும். அங்கேதான் வேர் அதனைச் சந்திக்கிறது.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றார் தொல்காப்பியர். உற்றறிதலே அவற்றின் அறிவு. அவ்வறிவும் ஏமாறுவதுண்டு. ஆர்செனேட்டு பாஸ்பேட்டை ஒத்த அமைப்புடையது. உரமென்று நம்பி வேர் அதற்கு வாயில் திறந்துவிடுகிறது.

ஆனால், ஏமாந்த செடி வாளா இருப்பதில்லை. செல்லில் எப்போதும் உள்ள குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறுகளைக் கொண்டு சங்கிலிகளைக் கோக்கிறது. ஜெர்மனியின் மூனிக் நகரில் கிரில், வின்னேக்கர், சென்க் ஆகியோர், சர்ப்பகந்தி மூலிகையின் செல்களுக்குக் காட்மியம் ஊட்டி, இச்சங்கிலிகளை 1985இல் கண்டறிந்தனர். ஃபைட்டோகெலாட்டின் என்பது அவர்கள் இட்ட பெயர். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதனுள் இருக்கிறது. பொருத்தமான பெயர்தான், சங்கிலியிலுள்ள கந்தக அணுக்கள் கொடுக்குப்போல் உலோகத்தைக் கவ்வுகின்றன. கவ்விய நஞ்சு செல்லினுள் உள்ள நுண்குமிழ் அறையில் அடைக்கப்படுகிறது. ஆலகாலத்தை விழுங்காமலும் உமிழாமலும் கண்டத்தில் நிறுத்திய நீலகண்டனின் செயலை நுண்ணளவில் நிகழ்த்துகிறது செடி.

அடைத்து வைக்கும் இக்கலையில் தேர்ந்தது டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி. மரத்தைக் காக்கும் ஆர்செனிக் மருந்தால் கெட்டுப்போன ஃபுளோரிடா நிலமொன்றில் அது செழித்திருந்ததை லீனா மா குழுவினர் 2001இல் வெளியிட்டனர். அவர்தம் சோதனையில் இலையின் உலர் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் ஆர்செனிக் சேர்ந்தது. அப்பெரணி அயலாரின் அதிசயமன்று. மலேசியாவிலும் பழஞ்சுவர் இடுக்குகளில் முளைப்பதே. பால்வெட்டு அறிந்தோர்க்கு வியப்பூட்டும் மரமொன்றும் உண்டு. நியூ கலிடோனியாத் தீவில் அதன் பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறப் பால் வடியும். உலர்ந்த அப்பாலில் ஏறத்தாழக் கால்பங்கு நிக்கல்!

ஆயினும், பிணித்தல் வேறு, அழித்தல் வேறு. பெரணியின் இலை உதிர்ந்து மக்கினால் நஞ்சு மண்ணுக்கே திரும்பும். உரிய காலத்தில் அறுத்து, ஆடுமாடு எட்டாத இடத்தில் பாதுகாத்தாலன்றி நிலம் தூய்மை பெறாது. நெற்பயிரோ, தான் உறிஞ்சிய ஆர்செனிக்கில் ஒரு பங்கை மணிக்கும் அனுப்பிவிடுகிறது. செடி தனக்கிட்டுக்கொண்ட காப்பு, அதனை உண்பவனுக்கும் காப்பாகிவிடாது.

தோட்ட வழக்கில் களைக்கொல்லிக்குப் பெயர் ‘மருந்து’. ஏமாந்து ஏற்ற நஞ்சையும் நஞ்சென்று உணர்ந்து சிறையிடுகிறது ஓரறிவு. நஞ்சென்று அறிந்தே அதற்கு மருந்தென்று பெயர் சூட்டி, உழைப்பவன் தோளில் ஏற்றியது ஆறறிவு. பள்ளித் தோட்டத்தில் கீரைப் பாத்தி கட்டுமுன், “இம்மண் முன்பு எதனைக் குடித்தது?” என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அவன் அச்செடியிடம் முதற்பாடம் கற்றவனாவான்.