மறே நதிக்கு வீட்டு வண்டியில்

பூமிசாஸ்திர வகுப்பிலே அவுஸ்திரேலியாவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, மறே-டார்லிங் வடிநிலத்தைச் சுண்ணக்கட்டியால் நிழலிட்டுக் காட்டும் ஆசிரியன் நான். இருபது வருடங்களாகப் படத்தில் மட்டுமே அறிந்திருந்த அந்நதியை நேரிற் காணும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையிற் கிட்டியது. மெல்பேணில் வாழும் என் தமையனார், "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. இந்த முறை ஹோட்டல் ஒன்றும் வேண்டாம்; வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போவம்" என்று எழுதியிருந்தார்.

வீட்டை இழுப்பதென்றால் என்னவென்பது அவர் வளவுக்குட் கால் வைத்தபோதுதான் விளங்கியது. ஏழு பேர் இருக்கக்கூடிய அவருடைய ஜீப்பின் பின்னால், வெண்ணிறமான பெரிய பெட்டி ஒன்று இரண்டு சில்லுகளின் மேல் நின்றது. 'கரவன்' என்று அங்கே சொல்கிறார்கள். உள்ளே இரு கட்டில்கள், எரிவாயு அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்க் குழாய், அலுமாரிகள் யாவும் இருந்தன. எழுபத்தெட்டு வயதான அம்மா அந்தக் கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் இதிலை படுத்துக்கொண்டே வாறன்" என்றார். ஓடும் கரவனுள் ஆட்கள் இருப்பதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை என்று அண்ணி விளக்கினார். அம்மா சிறிது ஏமாற்றத்துடன் ஜீப்பின் முன் ஆசனத்தில் அமர்ந்தார்.

புறப்படுமுன் அண்ணா தம் வாகனத்தின் வல்லமையை எனக்கு எடுத்துரைத்தார். தடுப்புப் பொருத்திய வண்டியாயின் 3000 கிலோ வரை இழுக்க வல்லதாம் அந்த ஜீப். கரவனோ சாமான்களுடன் 1800 கிலோதான். 750 கிலோவுக்கு மேற்பட்ட எந்த இழுவை வண்டிக்கும் தனியே தடுப்பு இருக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. ஜீப்பின் தடுப்பை மிதித்தால் கரவனின் சில்லுகளையும் மின்சாரம் பிடித்து நிறுத்தும்; அன்றியும், சாரதியின் கைக்கெட்டும் இடத்திலே ஒரு சிறு விசை உண்டு. அதை அழுத்தினால் ஜீப்பின் தடுப்பைத் தொடாமலே கரவனை மட்டும் பிடிக்கலாம். பின்னால் வருவோரைக் காண்பதற்காக இரு புறமும் நீண்ட கண்ணாடிகள் பூட்டியிருந்தார். இணைப்போ மிக எளியது. ஜீப்பின் பின்புறத்திலே 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் இரும்பு உருண்டை. அதன்மேற் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் கிண்ணம் கரவனின் ஏர்க்கால் நுனியில் இருக்கிறது. இணைப்பு விலகினாலும் வண்டி தனியே ஓடிவிடாதபடி இரு சங்கிலிகள். ஆறு பேரின் உயிரும் ஒரு வீடும் அந்தச் சிறு உருண்டையை நம்பிப் புறப்பட்டன.

மெல்பேணிலிருந்து வடகிழக்கே ஓடும் ஹியூம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 325 கிலோமீற்றர் சென்றால், மறே நதிக் கரையிலுள்ள அல்பரி நகரத்தை அடையலாம். நகரின் புறச்சேரிகள் மறைந்ததும் இருமருங்கும் வெளிறிய புல்வெளிகள் தோன்றின. பட்டையுரிந்த யூக்கலிப்ரஸ் மரங்கள் ஆங்காங்கே தனித்து நின்றன. செம்மறிக் கூட்டங்கள், தகரக் கொட்டில்கள், காற்றாடிக் கிணறுகள் என்று காட்சிகள் மாறிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் இருவரும் ஆடுகளை எண்ணிக் களைத்து உறங்கினர்.

யுரோவா என்னும் சிற்றூரைக் கடந்து சற்றுத் தூரம் சென்றிருப்போம். இறக்கமான ஓரிடத்திலே இரட்டைப் பெட்டி பூட்டிய பெரிய லொறியொன்று வலப்புறமாக எங்களை முந்தியது. அது கிளப்பிய காற்று கரவனின் பக்கத்தை முதலில் வெளியே தள்ளியது. பின்னர் உள்ளே இழுத்தது. லொறி போய்விட்டது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கரவனின் வால் இடமும் வலமுமாக, ஒவ்வொரு முறையும் முன்னையிலும் அதிகமாக வீசத் தொடங்கியது. ஜீப்பின் பின்புறத்தை யாரோ பிடித்து உலுப்புவது போல இருந்தது. அண்ணி பிள்ளைகளின் மேற் கையை வைத்து அணைத்துக்கொண்டார். நான் சாமி பெயரைச் சொன்னேனா, வெறுமனே கத்தினேனா என்பது நினைவில்லை.

அந்த வேளையில் ஜீப்பின் தடுப்பை உதைத்திருந்தால், பின்னாலிருக்கும் பாரம் முன்னால் தள்ளி எங்களைக் குறுக்கே திருப்பியிருக்கும். அண்ணா அதைச் செய்யவில்லை. சுக்கானை நேராகப் பிடித்தபடி, விசைமிதியிலிருந்து காலை எடுத்து, கையருகேயிருந்த அந்தச் சிறு விசையை அழுத்தினார். கரவன் மட்டும் பின்னிருந்து பிடிபட்டு, இழுத்த கயிறுபோல நேராயிற்று. வேகம் தணிய ஆட்டமும் தணிந்தது. அடுத்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியபோது அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஒருவரும் பேசவில்லை. அம்மா மட்டும் இறங்கி, கைத்தடியை ஊன்றியபடி கரவனின் பக்கமாகச் சிறிது தள்ளி நின்று பார்த்தார்.

"மோனை, ஆர் இதுக்குப் பாரம் ஏத்தினது?"

"நான்தான் அம்மா. ஏன்?"

"வண்டி பின்பாரமாய்க் கிடக்குது. அதுதான் வால் ஆட்டுது. அப்பு கண்டாரெண்டால் உன்ரை காதைத் திருகியிருப்பார்."

"அம்மா, இது 3000 கிலோ இழுக்கிற வாகனம். நாங்கள் ஏத்தினது 1800தான்."

"மாடு நல்ல பலமான மாடெண்டாப்போலை, வண்டியிலை கண்டபடி ஏத்துறதோ?"

அம்மாவின் தகப்பனார் தென்மராட்சியிலிருந்து யாழ்ப்பாணச் சந்தைக்குத் தேங்காயும் புகையிலையும் ஏற்றிய வண்டிக்காரர். சிறுமியாயிருந்தபோது அவர் பாரம் ஏற்றுவதை அம்மா நாள்தோறும் பார்த்திருக்கிறார். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அச்சுக்கு நேரே பாரத்தை வைத்து, நுகத்தில் மட்டும் சற்றே கனம் தெரியும்படி விடுவதே வண்டிக்காரனின் கெட்டித்தனம். பூட்டுவதற்கு முன் ஏர்க்காலைத் தம் கையால் தூக்கிப் பார்ப்பாராம் அப்பு.

அண்ணா சிறிது நேரம் தலைகுனிந்து நின்றார். பின்னர் கரவனின் அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். இணைப்பு உருண்டையின்மேல் விழும் பாரத்தை நிறுக்கும் தராசு அது. வாங்கிய நாள் முதல் உறை பிரிக்கப்படாதிருந்தது. கரவனின் முழுப் பாரத்திற் பத்திலொரு பங்களவு அந்த உருண்டையில் இறங்கவேண்டுமென்பது அந்நாட்டார் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. எங்களுக்கு அது 180 கிலோ அளவில் இருந்திருக்கவேண்டும். தராசு காட்டியதோ 80 கிலோ!

காரணத்தைத் தேட வெகுநேரம் செல்லவில்லை. கரவனின் கடைசிப் புறத்திலே பிள்ளைகளின் சைக்கிள்கள் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் கீழே 20 லீற்றர்த் தண்ணீர்க் கலன்கள் மூன்று, கருவிப் பெட்டி, பின் அலுமாரியில் 25 கிலோ அரிசி மூடை. இடம் இருந்த இடத்தில் பொருள் இருந்தது. நீண்ட தடியின் நுனியிலே கல்லைக் கட்டிச் சுழற்றினால் அதை நிறுத்துவது எவ்வளவு அரிதோ, அச்சுக்கு வெகு பின்னால் பாரத்தை வைத்த வண்டியின் ஆட்டத்தை நிறுத்துவதும் அவ்வளவு அரிது. நுனியிலுள்ள கனம் பின்பக்கத்தைத் தாழ்த்தி முன்பக்கத்தை உயர்த்த, உருண்டையின் பிடியும் இளகிவிடுகிறது. ஜீப்பின் 3000 கிலோ வல்லமை இதற்கு மருந்தாகாது. அது எவ்வளவு இழுக்கலாம் என்பதைச் சொல்லுமேயன்றி, எப்படி ஏற்றவேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

தண்ணீரை மரங்களுக்கு ஊற்றினோம். அரிசியையும் கருவிப் பெட்டியையும் அச்சுக்கு நேரே தரையில் வைத்தோம். சைக்கிள்களையும் கழற்றி உள்ளே கிடத்திக் கட்டினோம். மறுபடி நிறுத்தபோது தராசு 175 காட்டியது. உருண்டையில் இறங்கும் பாரம் ஜீப் சுமக்கும் பாரத்திலும் சேரும். ஆறு பேரின் நிறையையும் அதனோடு கூட்டி, ஜீப்பின் எல்லைக்கு உட்பட்டிருக்கிறதா என்று கைந்நூலைப் புரட்டிக் கணக்குப் பார்த்தார் அண்ணா. எல்லாம் பொருந்தியது. அதன் பின்னர் லொறிகள் பல எங்களை முந்தின. கரவன் ஒருமுறை அசைந்து, தானே அடங்கிற்று.

மாலையில் அல்பரியை அடைந்தோம். மறே நதி மரநிழலினூடே அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பாடத்திற் சொல்லும் 2500 கிலோமீற்றர் நீளமான பெருநதி, அவ்விடத்திலே எங்கள் ஊர்க் குளத்து வாய்க்காலின் தமையன் போலவே தோன்றியது. கரையில் வேலியிட்டுக் காக்கப்படும் முதுமரமொன்று உண்டு. ஹமில்ரன் ஹியூமும் கப்பல் மாலுமியான வில்லியம் ஹொவெலும் நியூ சவுத் வேல்ஸிலிருந்து தென்கடல் நோக்கி நிலவழியாக வந்தபோது, 1824ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஹொவெல் தம் பெயரைச் செதுக்கிய மரம் அது. நாங்கள் வந்த நெடுஞ்சாலைக்கு ஹியூமின் பெயரே வழங்குகிறது. அவர்களும் மாட்டு வண்டிகளிற் பாரம் ஏற்றியே புறப்பட்டனர். வெள்ளம் பெருகிய மரம்பிட்ஜி ஆற்றைக் கடக்க வண்டியொன்றின் உடலைத் தார்ப்பாயாற் சுற்றித் தெப்பமாக்கினர். மலைநாடு குறுக்கிட்டபோது வண்டிகளை வழியிலே விட்டுவிட்டு மாடுகளின் முதுகில் மூட்டைகளைக் கட்டினர்.

இதை நான் சொல்லக் கேட்ட அம்மா, "அவையும் பின்பாரம் ஏத்தித்தான் விட்டிட்டுப் போனவையோ?" என்றார். அண்ணா வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

இரண்டு நாட்கள் நதிக்கரையிலே தங்கினோம். விமான நிலையத்தில் எங்களைச் சந்தித்த நாள் முதல், அண்ணா அம்மாவைக் கண்ணாடிப் பாத்திரம்போலத் தாங்கி வந்தவர். படியில் ஏறாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், பேசாமல் இருங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அன்பின் மிகுதியால் நாமும் பெரியவர்களை இவ்வாறே நடத்திவிடுகிறோம். சுமக்கவேண்டியவர்களாக மட்டும் அவர்களைக் காண்கிறோம். அவர்களிடம் கேட்பதற்கும் ஏதோ உண்டென்பதை மறந்துவிடுகிறோம்.

திரும்பும் நாட் காலையில் கரவனுக்குச் சாமான்களை ஏற்றி முடித்த அண்ணா, தராசை எடுத்து நிறுத்தார். கணக்குச் சரியாகவே இருந்தது. ஆயினும் உடனே ஜீப்பில் ஏறவில்லை. நதியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த அம்மாவிடம் போனார்.

"அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோ. நான் ஏத்தினது சரியோ?"

அம்மா கைத்தடியுடன் மெல்ல நடந்து வந்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். ஏர்க்கால் இரும்பின்மேல் ஒரு கையை வைத்து அமுக்கினார்.

"இப்ப சரி. நட."