பலாலி விமானமும் ஒரு குத்துவிளக்கும்

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மனிதனுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு, அவன் மூட்டைக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. மனிதனை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. எத்தகைய ஸ்தூல சரீரியானாலும் புன்னகையுடன் வரவேற்று உள்ளே அனுப்புகிறார்கள். மூட்டையோ தராசில் ஏறியே தீர வேண்டும். மெலிந்த தேகம் படைத்த நான் இந்த அநீதியைப் பற்றிப் பலமுறை சிந்தித்ததுண்டு. யாழ்ப்பாணம் செல்வதற்காக அன்று காலையில் வரிசையில் நின்றபோதும் அதையேதான் சிந்தித்துக் கொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் ஆகாய மார்க்கமாகச் சுமார் 350 கிலோமீட்டர். மதுரையைக் காட்டிலும் கிட்டத்தில் இருக்கிறது என்றால் நேயர்கள் நம்ப மாட்டார்கள். தேசப்படத்தை எடுத்து அளந்து பார்க்கட்டும். அப்படியிருந்தும் ஒரு தலைமுறைக் காலம் அங்கே போக விரும்பியவன் முதலில் கொழும்புக்குப் பறந்து, அப்பால் வடக்கே திரும்பிச் சுமார் 400 கிலோமீட்டர் ரயிலிலோ பஸ்ஸிலோ போக வேண்டியிருந்தது. மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது என்பது இதுதான்.

ஆதியில் இப்படி இருக்கவில்லை. 1947-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் கம்பெனியார் தங்கள் முதல் விமானத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு விட்டார்கள். அந்த டக்கோட்டா விமானத்துக்கு 'சீதா தேவி' என்று பெயர். இராவணன் கொண்டுபோன வழியாகவே சீதை மறுபடியும் ஆகாயத்தில் வந்தாள் என்று அக்காலத்தில் யாரேனும் வேடிக்கையாகச் சொல்லியிருப்பார்கள். புஷ்பக விமானத்தில் எத்தனை பேர் ஏறினாலும் ஓர் ஆசனம் மிச்சமிருக்குமாம். தராசு இருந்ததாகத் தெரியவில்லை.

காங்கேசன்துறை என்று பெயர் சொன்னாலும் விமானம் இறங்கிய இடம் பலாலி. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படையினர் அமைத்த தளம் அது. பிற்பாடு வேறொரு யுத்தம் வந்தது. உள்நாட்டுப் போர் மூண்டதும் பலாலி ராணுவத்தின் வசமாயிற்று. சுற்றுப்புறக் கிராமங்கள் காலியாயின. சென்னை மார்க்கம் மறைந்தே போயிற்று. 2019 அக்டோபர் 17-ஆம் தேதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற புதிய நாமதேயத்துடன் அந்த இடம் திறக்கப்பட்டது. நவம்பர் 11-ஆம் தேதி அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து வந்து இறங்கியது. நாலு மாதம் ஓடிற்று. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்திவிட்டது. மறுபடி ஆரம்பித்தது 2022 டிசம்பர் 12-ஆம் தேதி. 2024 செப்டம்பரில் இண்டிகோ கம்பெனியாரும் சென்னையிலிருந்து விடத் தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் விட்டார்கள்.

கிட்டத்து ஊர்களுக்குச் செல்லும் விமானங்களின் ஜாதகமே இப்படித்தான். சேலத்துக்கு 2018-இல் வந்த விமானம் 2021-இல் நின்றது; 2023-இல் திரும்பி வந்தது. ஊர்க்காரர்கள் வழக்கப்படுத்திக் கொள்வதற்குள் கால அட்டவணை மாறிவிடுகிறது. ரயில் பாதை போட்டுவிட்டால் தண்டவாளமாவது தரையில் கிடக்கும். ஆகாயத்தில் என்ன கிடக்கும்?

இனி மூட்டைக்கு வருவோம். சென்னையிலிருந்து பலாலிக்கு வருவன பெரிய ஜெட் விமானங்கள் அல்ல. எழுபது சொச்சம் ஆசனங்களுள்ள ஏ.டி.ஆர். என்னும் விசிறி விமானங்கள். அவை குறைந்த நீளமுள்ள ஓடுபாதையிலும் இறங்கி ஏறக்கூடியவை. ஆனால் வெய்யில் ஏற ஏறக் காற்று லேசாகிறது. லேசான காற்று இறக்கைக்குப் பிடி கொடுப்பதில்லை. எஞ்சினுக்கும் பலம் குறைகிறது. அதே பாதையில் எழும்ப வேண்டுமானால் பாரத்தைக் குறைத்தாக வேண்டும். எண்ணெயைக் குறைக்க இயலாது. வானிலை கெட்டால் வேறோர் ஊருக்குத் திரும்பும் அளவுக்கு அது இருக்க வேண்டும். பிரயாணியைக் குறைக்கக் கம்பெனிக்கு மனம் வராது. மிஞ்சுவது மூட்டைதான்.

இது இயற்கையின் சட்டம். இதனுடன் வியாபாரச் சட்டம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. ஆசனத்துக்கு ஒரு விலை, மூட்டைக்கு வேறு விலை என்று பிரித்துவிட்டால் சீட்டின் விலை மலிவாகத் தோன்றும் அல்லவா? அயர்லாந்து தேசத்து ரயன்ஏர் 2006-இல் மூட்டைக்குக் காசு வாங்க ஆரம்பித்தது. 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் விதித்தது. நம் தேசத்தில் மூட்டையில்லாதவருக்குக் குறைந்த கட்டணத்தில் சீட்டு விற்க 2021-இல் அனுமதி கிடைத்தது. கையில் 7 கிலோ, கீழே 15 கிலோ என்பது இந்தியாவுக்குள் பறப்பவர்களுக்கு இப்போது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். நியாயம் என்றே நானும் எண்ணியிருந்தேன். கையை வீசிக்கொண்டு போகிறவன், அடுத்தவன் பெட்டிக்கு ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

எனக்கு முன்னால் நின்ற மூதாட்டியைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் அத்தனை திடமாக இல்லை.

அவருடைய பெட்டி தராசில் ஏறியதும் மேஜைக்குப் பின்னாலிருந்த பெண், "நாலு கிலோ அதிகம், அம்மா. பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஏதாவது எடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகவே சொன்னாள். தொகையைக் கேட்டதும் மூதாட்டி, "அந்தக் காசுக்கு இன்னொரு விளக்கு வாங்கலாமே, பிள்ளை!" என்றார். முன்கூட்டியே கட்டியிருந்தால் தொகை குறைவு. சீட்டு வாங்கிய மருமகனுக்கு அது தெரியவில்லை.

பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, அடி வேறு தண்டு வேறாகக் கழற்றித் துணியில் சுற்றப்பட்டிருந்தது. அதன்மேல் நாலு பட்டுப் புடவைகள்.

என் பெட்டியில் இடம் இருந்தது. "அம்மா, என் கணக்கில் வைத்துக்கொள்ளட்டுமே" என்றேன். உத்தியோகப் பெண் தலையை அசைத்தாள். ஒரே சீட்டில் பதிவு செய்தவர்களானால் எடையைச் சேர்த்துப் பார்க்கலாம். அன்னியர் சாமானை நான் ஏற்றுக்கொள்ளக் கூடாது. பந்தோபஸ்து விதி. அதில் குற்றம் சொல்ல இடமில்லை.

"விளக்கைக் கையில் கொண்டு போகலாமோ?" என்று மூதாட்டி கேட்டார். பித்தளைத் தண்டைச் சோதனைக்காரர்கள் தடுத்தாலும் தடுப்பார்கள் என்று பதில் வந்தது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு புடவைகளை எடுத்து, வாசலில் காத்திருந்த மருமகனிடம் கொடுத்தனுப்பினார். தராசு சரியாயிற்று.

விமானத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த ஆசனங்கள். மயிலிட்டி அவருடைய ஊர். 1990-இல் ஊரை விட்டுப் புறப்பட்டு, மன்னார்க் கரைக்கு வந்து, வள்ளத்தில் ராமேசுவரம் சேர்ந்தவர். "வள்ளக்காரன் ஒரு குடும்பத்துக்கு ஒரு பொட்டளிதான் எண்டு சொல்லிப்போட்டான், தம்பி. நான் உடுப்பை விட்டிட்டு விளக்கைத்தான் எடுத்தனான்" என்றார். அது அவருடைய கலியாண விளக்கு. மயிலிட்டித் துறைமுகத்தை ஒட்டிய நிலத்தை 2017-இல் ராணுவத்தினர் மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே அவர் தங்கை சிறு வீடு கட்டியிருக்கிறாள். தங்கை மகளுக்குக் கலியாணம். புடவைகள் மணப்பெண்ணுக்கு.

நாகப்பட்டினத்திலிருந்து 2024-இல் மீண்டும் ஆரம்பித்த கப்பலில் போயிருக்கலாமே என்றேன். "கடல் எனக்குக் காணும், தம்பி" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே கோடிக்கரையின் உப்பளங்கள் வெண்மையாய்ப் பளபளத்தன. பிறகு பாக்கு நீரிணை. நீலமும் பச்சையும் கலந்த ஆழமற்ற தண்ணீர், இடையிடையே மீன் படகுகள். நான் மூன்று பக்கம் படிப்பதற்குள் அது முடிந்துவிட்டது. பனைக் கூட்டங்களும் செம்மண் தோட்டங்களும் எதிர்ப்பட்டன. மூதாட்டி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஏதோ தேடினார். தம் வீட்டுக் கிணறு தெரியுமா என்று பார்த்தாராம்.

பலாலியில் இறங்கியதும் பெட்டி வந்து சேர்ந்தது. அவர் அங்கேயே அதைத் திறந்து, விளக்கு நெளியவில்லை என்று தடவிப் பார்த்துவிட்டு மூடினார்.

"புடவைகள்?" என்று கேட்டேன்.

"கலியாணத்துக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்குது. ஆரும் வந்தால் குடுத்துவிடச் சொல்லியிருக்கிறன்" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, "அதுவரைக்கும் இந்தப் பிளேன் ஓடும்தானே, தம்பி?" என்று கேட்டார்.